கூட்டம் சரியாமல் பார்த்துக்கொண்ட லோஞ்சு

வீடியோ கூட்டம் ஒரு பக்கம் சரிந்து கவிழ்ந்துவிடும் என்று பயந்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவருக்குச் சம்பளம் கொடுத்தவன் நான்.

அவருக்குப் பெயர் என்று ஏதோ ஒன்று இருந்தது. துறைமுகம் முழுக்க லோஞ்சு என்றுதான் கூப்பிட்டது. திருகோணமலையில் இருந்து மூதூருக்கு ஓடிய லோஞ்சில், அதுதான் இயந்திரப் படகில், பாரம் பார்த்து ஆட்களை இருத்துவது அவர் தொழில். தடித்த ஆள் நடுவில், அரிசி மூட்டை அடியில், பெண்கள் ஒரு பக்கம், ஆடு அதன் சொந்தக்காரனின் மடியில். பாலங்கள் வந்து சனம் பஸ்ஸில் போகத் தொடங்கியதும் மனுசன் படகுகள் அணையும் ஜெட்டியில் சும்மா நின்றார். கூப்பிட்டு, கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் என் ஸ்டோரில் வேலைக்குப் போட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்றைக்கு இந்தத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் பாதி என் கத்தரிக்காயைச் சாப்பிட்டுத்தான் புறப்படுகின்றன. மற்றப் பாதி கொடுத்துவைக்காதவை.

இப்படிச் சிறப்பாக நடந்த வியாபாரத்துக்குள் லண்டனில் இருக்கும் மருமகன் கையை வைத்தார். "மாமா, இனி எல்லாரும் இருக்கிற இடத்தில இருந்தே சேர்ந்து வேலை செய்யலாம்" என்றார். கொழும்பில் கணக்குப் பார்க்கும் சுகந்தி, மூதூர்ப் பக்கம் மரக்கறி வாங்கித் தரும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், ஜெட்டியடி ஸ்டோரில் லோஞ்சு, கந்தோர் மேசையில் நான், லண்டனில் அவர். பின்னேரம் வீடியோ கூட்டம். அதோடு, ஐந்து பேரும் ஒரே நேரத்தில் திறந்து எழுதக்கூடிய ஒரு கணக்கு ஷீட்.

முதல் கூட்டத்திலேயே லோஞ்சு தலை எண்ணினார்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. ஒராள் குறையுது. வெளிக்கிட ஏலாது."

"ஐயா, உங்களையும் எண்ணுங்கோ" என்றாள் சுகந்தி.

எண்ணினார். திருப்தி வரவில்லை. திரையை உற்றுப் பார்த்தார்.

"நானா, உங்கட பக்கம் தாழுது. கொஞ்சம் நடுவுக்கு வாங்கோ."

நானா நல்ல உடம்புக்காரர். தோப்பூரில் ஒரு வயல் வரம்பில் போனும் கையுமாக நின்றவர், ஒரு கணம் யோசித்தார். பிறகு உண்மையாகவே இரண்டடி தள்ளி நின்றார். அந்த நேரம் பார்த்துக் கொழும்பில் சிக்னல் போய்ச் சுகந்தி மறைய, கட்டங்கள் இடம் மாறி, நானா சரியாக நடுவில் வந்து நின்றார்.

"ஆ, இப்ப சரி. எடுங்கோ" என்றார் லோஞ்சு. லண்டனில் மருமகன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

இதையெல்லாம் பொறுத்திருக்கலாம். ஷீட்டில்தான் வினை வந்தது. அதில் யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார்களோ, அந்தக் கட்டம் அவர்கள் பெயரோடு நிறம் மாறித் தெரியும். ஒரு நாள் லோஞ்சு வெங்காயக் கணக்கு எழுதப் போனபோது, வெங்காயத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் சுகந்தி நின்றிருக்கிறாள். மனுசன் மரியாதையாக விலகி, ஒரு கட்டம் இடைவெளி விட்டு அங்கால் போய் எழுதினார். அங்கால் இருந்தது குளிக்கிற சவர்க்காரம்.

கப்பலுக்கு ஒரு வெங்காயமும் போகவில்லை. போனது அறுபது பெட்டி சவர்க்காரம். கப்பல் சமையற்காரர் போனில் அழாத குறை. நானே படகில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு போய்ச் சமாதானம் சொன்னேன். திரும்பும்போது அந்தச் சவர்க்காரத்தையும் அவர்களுக்கே விற்றுவிட்டு வந்தேன். அது என் திறமை. குற்றம் குற்றம்தான்.

"என்ன லோஞ்சு, விசரே உமக்கு?" என்று ஏசினேன்.

"குமர்ப்பிள்ளை இருக்கிற இடத்தில ஒட்டிக்கொண்டு இருக்கச் சொல்லுறியளோ முதலாளி? ஒரு சீட் விட்டுத்தான் இருந்தனான்."

அன்றைய கூட்டம் முடிந்தது. சுகந்தி போனாள், நானா போனார். மருமகன் மெதுவாகக் கேட்டார்:

"மாமா, லோஞ்சு ஐயா போயிட்டாரோ?"

திரையில் ஒரு மூலையில் ஸ்டோர் முகட்டு விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. போனை மேசையில் மல்லாத்திப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்து, "ஓம், போயிட்டார்" என்றேன்.

"அப்ப சொல்லுறன். இந்த மாசத்தோட அவரை நிப்பாட்டுங்கோ. கம்பனியைச் சிரிப்பாக்கிறார். ஒரு பொடியனைப் போடுவம்."

ஜெட்டியை விட்டால் போக்கிடம் இல்லாத மனுசன். அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். விசிறி முந்திக்கொண்டு பேசியது.

"தம்பி, கதைச்சு முடிஞ்சுதோ?"

மருமகன் கதிரையை விட்டு எழும்பியே விட்டார்.

"முடிஞ்சா இறங்குங்கோ தம்பி. ஆக்கள் இறங்காமல் நான் இறங்க ஏலாது. வேலையில இருக்குமட்டும் அப்பிடித்தான்."

ஒரு கோபம் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. மூதூர்க் கரையில் கடைசி ஆளை இறக்கிவிடும் குரல். கப்பல் கப்டன்மாரையே அதட்டும் நான், வெட்கத்தில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு ஓடினேன்.

சமாதானம் சொல்ல ஸ்டோருக்கு நடந்து போனேன். வாசலில் நின்றுவிட்டேன். உள்ளே லோஞ்சும், போனில் மருமகனும் இன்னும் இறங்கவில்லை.

"சாப்பிட்டீங்களோ தம்பி?"

"இன்னும் இல்ல ஐயா."

"மனுசி சமைக்கேல்லையோ?"

"அவ வேலைக்குப் போயிட்டா. கூட்டம் முடிஞ்சா இந்த அறையில நான் மட்டும்தான். ஆரும் கேக்கிறேல்ல."

"அப்ப தட்டை இஞ்ச கொண்டுவந்து வைச்சுச் சாப்பிடுங்கோ. எனக்கு ஒரு அவசரமும் இல்லை."

மறுநாள் மருமகன் எனக்கு எடுத்தார். "மாமா, ஐயாவுக்கு ஷீட் வேண்டாம். அவர் சொல்லச் சொல்லச் சுகந்தி எழுதட்டும். கூட்டத்தை அவர் நடத்தட்டும்." நிப்பாட்டுகிற கதை என்ன ஆயிற்று என்று நானும் கேட்கவில்லை.

போன கிழமை லோஞ்சுக்குக் கண்ணில் ஒப்பரேஷன். வரவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து, ஒரு கண்ணில் கட்டோடு வந்து தலை எண்ணினார். கூட்டம் முடிந்து எல்லோரும் போனபின் திரையில் நாங்கள் இரண்டு பேர்.

"இறங்குங்கோ முதலாளி."

"நீர் இறங்கும் லோஞ்சு."

"அது முறையில்லை."

"நான் முதலாளி. சொல்லுறன், இறங்கும்."

வாழ்க்கையில் ஒருவருக்காகவும் காத்து நிற்காதவன் நான். அன்றைக்கு அந்த ஒற்றைக் கண் திரையில் இருந்து மறையும்வரை நின்றேன். மறைந்த பிறகும் கொஞ்சம் நின்றேன்.