ஜிப்பாவில் ஒட்டிய புருவம்

சித்திரை மாதத்துத் தூத்துக்குடியில் ஒருவனுக்கு வியர்க்கவில்லை என்றால் அவன் மகானாக இருக்க வேண்டும், அல்லது நோயாளியாக இருக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், வாலிப வயதில், நான் என்னை மகான் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. மற்றவர்கள் சட்டையைப் பிழிந்துகொண்டிருக்கும்போது நான் குளிர்கிறது என்று கோட்டு மாட்டியிருப்பேன். தோல் கருவாடு மாதிரி காய்ந்து, தொட்டால் செதில் உதிரும். உப்புக்காற்று என்றார்கள். முகம் ஊதி, லேசாக மஞ்சளடித்தது. (அம்மாவுக்கு ஒரே பூரிப்பு: "பிள்ள நெறம் வச்சிட்டான்!") புருவங்களின் வெளிநுனி உதிர்ந்ததற்குத்தான் யாராலும் காரணம் சொல்ல முடியவில்லை.

இந்த லட்சணத்தில் சாத்தான்குளத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். திருச்செந்தூர்க் கோவிலில் அவளைப் பார்த்ததிலிருந்து, கட்டினால் இவளைத்தான் என்று இருந்தேன். ஆகவே செதிலுக்கு மேல் தேங்காய் எண்ணெய், அதற்கு மேல் பவுடர், உதிர்ந்த புருவத்துக்கு அம்மாவின் கண்மை. எனக்குத்தான் வியர்க்காதே, மை எப்படிக் கலையும்? (என்ன ஒரு மூளை!)

அப்போதெல்லாம் உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். பெண் வருவதற்குள், பக்கத்தில் இருந்த அவள் அப்பாவின் தோளில் சாய்ந்து குறட்டையே விட்டிருக்கிறேன். விழித்தபோது அவருடைய வெள்ளை ஜிப்பாவில் என் இடது புருவம் இருந்தது.

"ஏ, புருவத்தக் காணோம்! பெருவியாதிக்காரனையா கூட்டிட்டு வந்திருக்கிய?" என்று துள்ளி எழுந்தார். அம்மா அழுதுவிட்டாள். தொழுநோய் என்று பெயர் கட்டிவிட்டால் கல்யாணம் மட்டுமா, வேலையும் ஊரும் சேர்ந்தே போகும்.

பெண்ணின் அத்தை மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "அண்ணே, கொஞ்சம் சும்மா இரிங்க" என்று உள்ளேயிருந்து வந்தவர், ஊக்கை எடுத்துச் சொல்லாமல் கொள்ளாமல் என் கையில் ஒரு குத்துக் குத்தினார்.

"ஐயோ அம்மா!" தெருவுக்கே கேட்டது.

"பெருவியாதின்னா உணர்ச்சி இருக்காது. இந்தக் கத்து கத்துவாரா?" என்றார். "இது கழுத்துல இருக்க தைராய்டு சுரப்பி சோம்பிப் போனது. அதான் வேர்க்கல, எண்ணெப்பசை இல்லாம தோலு காயுது, மூஞ்சி ஊதுது, புருவம் உதிருது. மருந்து இருக்கு."

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. பெண்தான்! அவள் அப்பா மட்டும், "தோலு சரியாவட்டும், பெறவு பேசுவோம்" என்றார்.

பாளையங்கோட்டை டாக்டரும் அதையே சொல்லி மாத்திரை கொடுத்தார். ஒரு மத்தியானம் ஆபீசில் முதுகில் ஏதோ ஊர்ந்தது. பூச்சி என்று குதித்தேன். வியர்வை! எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள்! செதில் நின்றது, புருவம் முளைத்தது, முகம் வடிந்தது, மஞ்சளும் போனது. (அம்மாவுக்கு அதில் மட்டும் வருத்தம்.)

கல்யாணப் பந்தியில் அத்தை சத்தமாகக் கேட்டார்: "மாப்ளே, ஆட்டு மாத்திரையப் போட்டாச்சா?"

ஆட்டின் தைராய்டைக் காயவைத்துப் பொடித்துச் செய்ததாம் அது! இரண்டு வீடும் பரம்பரைச் சைவம். அம்மா இலையை விட்டு எழுந்துவிடுவாள் என்றே நினைத்தேன். அவளோ என் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"போடுலே. தோலு பூ மாதிரி இருக்கு. அந்த ஆடு நல்லா இருக்கட்டும்."

(ஆடு எங்கே நல்லா இருக்க!)

அந்த அத்தையை நினைத்தால் இன்றும் மனசார ஒரு கும்பிடு போடுவேன். இப்போது வரும் மாத்திரையில் ஆடு கிடையாது, வெறும் ரசாயனம்தான். சொன்னால் யார் கேட்கிறார்கள்? விருந்தாளி வந்தால் என் மனைவி காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்வாள்: "நாங்க எல்லாரும் சுத்த சைவம். இவுகளுக்கு மட்டும் விடிஞ்சா ஒரு ஆடு வேணும்."