இரண்டாம் இடத்துக்கு ஒரு போட்டி

நாற்பதைத் தாண்டிய, இடுப்பு வளையாத, ஆனாலும் நடனப் போட்டிக்குப் பெயர் கொடுக்கிற ஓர் உயிரினம் நம்மிடையே உலவுகிறது, வாசகரே. லிஃப்டில் உங்கள் பக்கத்தில் நிற்கும். குதிகால் தரையைத் தட்டும். உதடு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று முணுமுணுக்கும். மாடி வந்து கதவு திறந்தாலும் 'நாலு' வரட்டும் என்று வழியை அடைத்து நிற்கும். பின்னால் இருப்பவர் திட்டிய பிறகுதான் வெளியே கால் வைக்கும். தோற்றுவிட்டால் தரை வழுக்கல், பாட்டு வேகம், நடுவர் கொட்டாவி விட்டார். ஜெயித்துவிட்டால்?

அங்கேதான் சிக்கல்.

எனக்குத் தெரிந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் ஆறு வருடமாக மனைவியோடு புதியவர் பிரிவில் ஜோடி நடனம் ஆடுகிறார். யாராவது பாராட்ட வாயெடுத்தால், "இப்பத்தாங்க கத்துக்கிறேன்" என்று முந்திக்கொள்வார். ஆறு முறையும் இரண்டாம் இடம். ஏன்? முதலிடம் வந்தவர் மறுபடி புதியவர் பிரிவில் ஆடக்கூடாது, அடுத்த பிரிவுக்குப் போயாக வேண்டும் என்பது விதி. அங்கே இருப்பவர்கள் நிஜமாகவே ஆடுவார்கள். ஆகவே வருடா வருடம் கடைசிச் சுற்றில் இவருடைய இடது கால் தடுமாறும். பாவம், மனைவி அவர் செருப்பை மாற்றிப் பார்த்தார், காலுக்குத் தேய்க்கிற எண்ணெயை மாற்றிப் பார்த்தார்.

இந்த வருடம் வந்ததே இரண்டு ஜோடி. எதிர் ஜோடி, ஒரு பல் டாக்டரும் அவர் தங்கையும். டாக்டர் ஓர் ஓரமாக உட்கார்ந்து, நன்றாக இருந்த தங்கையின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு வலியே இல்லண்ணா!"

"இனிமே வலிக்கும். சும்மா இரு."

கடைக்காரர் பதறி ஓடினார். "கட்டை அவுங்க டாக்டர்! நீங்கதான் ஜெயிக்கணும்."

"ஐயோ, நீங்க சீனியர். நீங்க ஜெயிங்க."

"நான் ஆறு வருஷம்தான்!"

"நான் ஏழு வருஷமா ஜெயிக்காம தப்பிச்சிட்டு வர்றேன்!"

பின்னால் நின்ற மனைவிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஏங்க, வேணும்னேவா தடுமாறினீங்க?"

"இன்னும் ரெடியாகலைம்மா..."

"என் முழங்கால் தேஞ்சதுக்கு யாரு பதில் சொல்றது? இன்னிக்கு மட்டும் அந்தக் கால் தடுமாறட்டும், அடுத்த வருஷம் நாற்காலியைக் கட்டிப்பிடிச்சு ஆடுங்க."

பாட்டு தொடங்கியது. டாக்டர் ஒரு அடி தவறினார். கடைக்காரர் இரண்டு தவறினார். டாக்டர் விட்டுக்கொடுப்பாரா? நடு அரங்கில் சம்மணம் போட்டே உட்கார்ந்துவிட்டார். அசந்துபோன கடைக்காரர் இடது காலை மடக்கப் பார்த்த அந்த நொடியில், மனைவி அவருடைய இடுப்புப் பெல்ட்டைப் பிடித்தார், ஒரே சுழற்று, தாளம் தப்பாமல் கொண்டுவந்து நடுவர் முன்னால் நிறுத்தினார். கைதட்டல்! முதலிடம்! டாக்டர் தரையிலிருந்தபடியே கை நீட்டி, "தைரியமா இருங்க சார்" என்று துக்கம் விசாரித்தார்.

கோப்பையைக் கூட வாங்காமல் கடைக்காரர் அமைப்பாளரைத் தேடினார். "வேற ஏதாவது நடனத்துல புதியவர் பிரிவு இருக்குமா சார்?"

அதற்குள் மனைவி அடுத்த பிரிவின் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். "என் பேரை எழுதிட்டேன். ஜோடி இடம் காலியா இருக்கு. நீங்க வர்றீங்களா, நம்ம டான்ஸ் மாஸ்டரைக் கேக்கட்டுமா?"

மனிதர் போட்டுவிட்டார் கையெழுத்து. கை மட்டும் கொஞ்சம் தடுமாறியது.

சிரித்தீர்களா? நல்லது. உங்களை மேற்பார்வையாளராக்கப் போகிறோம் என்று அலுவலகத்தில் சொன்ன அன்று, உங்களுக்கு ஏன் சார் திடீரென்று முதுகு வலித்தது?