'முடி'க்கு இனி ஒரே பொருள்

ஒரு நாட்டைக் காப்பாற்ற ராணுவம் போதும். ஒரு சொல்லைக் காப்பாற்றத்தான் குழு வேண்டும். இரண்டே எழுத்துள்ள ஒரு சொல்லின் மானத்துக்காக ஒன்பது அதிகாரிகள் நான்கு நாள் மேசையைச் சுற்றி உட்கார்ந்த பெருமை, அகராதித் துறையைத் தவிர வேறு எந்தத் துறைக்கும் வாய்த்ததில்லை.

அந்தத் துறையில் மகர வரிசைக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் மகரத்தம்மா என்று கூப்பிட்டார்கள். 'மக்கள்' தொடங்கி 'மௌனம்' வரை எல்லாச் சொல்லுக்கும் பொருள் எழுதியது அவர்தான். அவருடைய கணவர் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி சலூன் வைத்திருந்தார். மூன்று நாற்காலி, இரண்டு கண்ணாடி, வாசலில் பச்சைப் பலகையில் 'முடி திருத்தகம்'. கல்யாணமான புதிதில் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்ததும் மகரத்தம்மாதான்.

பள்ளிகளுக்கான புதிய அகராதியின் அச்சுப்படி நாட்டுத் தலைவரின் பார்வைக்குப் போனது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர் அவர். அந்த மாதம்தான் மக்கள் கெஞ்சிக் கேட்டதால் தலையில் முடி சூட்டிக்கொள்ள 'இசைந்திருந்தார்'. யார் கெஞ்சினார்கள் என்று தெரியவில்லை. அரசிதழில் போட்டிருந்தது. புத்தகத்தை வாங்கிய தலைவர் நேராக அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்தார்.

'முடி: 1. அரசர் தலையில் அணிவது. 2. தலையில் வளர்வது, உதிரக்கூடியது. 3. தீர்ந்துபோ (எ-டு: ஆட்டம் முடிந்தது).'

அன்றைய தேதியில் தலைவரின் தலையில் அந்தச் சொல்லின் எந்தப் பொருளும் இல்லை.

மறுநாள் காலை இயக்குநர் மகரத்தம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னம்மா எழுதி வச்சிருக்கீங்க?"

"பொருள்தான் சார்."

"மூணு எழுதியிருக்கீங்க. அணியிறதுக்குக் கீழ உதிருறது. உதிருறதுக்குக் கீழ தீர்ந்துபோறது. இது அகராதியா, ஜாதகமா?"

"மூணும் வழக்கத்துல இருக்குதே சார். இன்னும் மலை உச்சி, முடிச்சுப் போடுறதெல்லாம் இடமில்லாம விட்டுட்டேன்."

"நல்லவேளை. உச்சியிலேர்ந்து உருண்டு விழறதையும் சேர்த்திருப்பீங்க."

மகரத்தம்மா யோசித்து வழி சொன்னார். "வேணும்னா தலைவர் அணியிறதுக்கு வேற சொல் வச்சுக்கலாம் சார். மகுடம்னு சொல்லலாம்."

இயக்குநர் அச்சுப்படியைப் புரட்டினார். "மகுடத்துக்கு அடுத்தாப்புல மகுடி வருது. பாம்புப் படம் வேற போட்டிருக்கீங்க."

"கிரீடம்?"

"நாடகக் கம்பெனில அட்டையில செய்வாங்களே, அந்த ஞாபகம் வரும்."

"மௌலி?"

"அதுக்குப் பொருள் பார்க்க இன்னொரு அகராதி வேணும். தலைவருக்கு 'முடி'தான் பிடிச்சிருக்கு. அவருக்குப் பிடிச்ச சொல்ல மத்தவங்க ஏன் உபயோகிக்கணும்?"

இந்தக் கேள்வியின் ஆழத்தை ஆராயவே குழு அமைக்கப்பட்டது. நான்காம் நாள் மாலை கருத்து ஒற்றுமை ஏற்பட்டது. இனி 'முடி'க்கு ஒரே பொருள், தலைவர் அணிவது. மற்ற பொருள்களுக்கு 'நன்றியுடன் ஓய்வு' வழங்கப்படுகிறது. தலையில் வளர்வதை இனி 'தலைவளரி' என்று சொல்ல வேண்டும். எதுவும் முடியக் கூடாது, 'நிறைவுறலாம்'.

நிர்வாகப் பிரிவு அதிகாரி கை தூக்கினார். "அப்ப 'முடியும்', 'முடியாது' ரெண்டையும் என்ன பண்றது?"

"'முடியும்'கிறது நல்ல சொல். 'இயலும்'னு போட்டுக்கலாம்."

"'முடியாது'க்கு?"

இயக்குநர் ஒன்பது முகங்களையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "அதுக்கு மாற்று எதுக்கு? இங்க யாரு சொல்லப்போறா?"

யாரும் எதுவும் சொல்லவில்லை. ஏகமனதாக நிறைவேறியது என்று மகரத்தம்மா எழுதிக்கொண்டார். ஆணையை வரைவது அவருடைய வேலை, கையெழுத்தும் அழகு. ஏழாம் பிரிவு, கடைப் பலகைகளில் அந்தச் சொல் இருந்தால் ஏழு நாளுக்குள் அகற்ற வேண்டும் என்றது. அதை எழுதும்போது பேனா நின்றுவிட்டது.

"என்னம்மா, மை தீர்ந்துபோச்சா?" என்றார் இயக்குநர்.

"இல்ல சார், ஒண்ணுமில்ல." எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் சலூனுக்குள் நுழைந்தார். கணவர் ஒருவருக்கு முகத்தில் நுரை பூசிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, போர்டை மாத்தணும்."

"எதுக்கு? பெயிண்ட் நல்லாத்தானே இருக்கு?"

"அந்தச் சொல் இனிமே தலைவருக்கு மட்டும்தானாம்."

"அவருக்கா? அவர் இங்க வந்தா நான் சீப்பையே எடுக்க வேண்டாமே." நாற்காலியில் இருந்தவர் குலுங்கினார். "ஆடாதீங்க சார், கத்தி படும்."

"சிரிக்காதீங்க. 'தலைவளரி திருத்தகம்'னு மாத்திக்கச் சொல்லியிருக்காங்க."

"ஏதோ வியாதி மாதிரி இருக்கு. யார் சொன்னது?"

"குழு."

"எழுதுனது?"

மகரத்தம்மா அலமாரியில் இருந்த பவுடர் டப்பாவைப் பார்த்தார். "நான்தான்."

கணவர் கத்தியைத் துடைத்து மடக்கினார். "அங்க எல்லாரும் உக்காந்திருக்கும்போது, இது என் புருஷன் கடைப் பேருன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"எப்படிங்க சொல்றது? எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

"அப்ப நான் ஒத்துக்கலைன்னு போய்ச் சொல்லு. போர்டை எடுக்க முடியாது."

எட்டாம் நாள் காலை சொல் ஆய்வாளர் ஏணியோடு வந்தார். சொல் ஆய்வாளர் என்ற பதவி அந்த வாரம்தான் பிறந்திருந்தது. அவர் இந்தக் கடையின் பழைய வாடிக்கைக்காரர். அதனால் மரியாதையாகத்தான் பேசினார்.

"அண்ணே, நீங்களே இறக்கிடுங்க. நான் ஏறி இறக்குனா நல்லாருக்காது."

"முடியாது தம்பி."

ஆய்வாளர் படிவத்தை எடுத்தார். 'கடைக்காரரின் பதில்' என்று ஒரு கட்டம் இருந்தது. கேட்டதை அப்படியே எழுத வழியில்லை. படிவத்தில் அகராதிச் சொற்களுக்கு மட்டுமே அனுமதி. பையிலிருந்த புதிய அகராதியின் திருத்திய அச்சுப்படியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கடமை தவறாமல் எழுதினார்: 'கடைக்காரர் பொருளற்ற ஒலி ஒன்றை எழுப்பினார்.'

பலகை இறங்கியது. பொருளற்ற ஒலி எழுப்பிய குற்றத்துக்காகக் கடைக்குச் சீல் வைத்தார்கள்.

மகரத்தம்மா இயக்குநரிடம் ஓடினார். "சார், சீல் வச்சது எங்க வீட்டுக்காரர் கடை."

"அடடா. முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா? ஆணைய எழுதுனதே நீங்கதானே. விலக்குன்னு ஒரு வரி சேர்த்திருக்கலாமே?"

"சேர்க்கச் சொல்லலையே சார்."

"இதுதாம்மா உங்ககிட்ட எனக்குப் பிடிச்ச குணம்," என்றார் இயக்குநர் மனம் நெகிழ்ந்து.

கணவர் ஒரு நாற்காலியை மட்டும் தூக்கிக்கொண்டு போய், மச்சானின் கார் ஷெட்டில் போட்டுத் தொழிலைத் தொடர்ந்தார். அங்கே பலகை இல்லை, பெயரும் இல்லை. ஆனாலும் வாடிக்கைக்காரர்கள் தேடி வந்தார்கள். வளர்வதை என்ன பெயரிட்டு அழைத்தாலும் அது வளர்ந்துகொண்டுதான் இருந்தது. மூன்றாம் வாரம் ஆய்வாளரும் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து வரிசையில் உட்கார்ந்தார்.

வீட்டில்தான் பேச்சு குறைந்துபோனது. "சாப்பாடு வைக்கவா?" என்று கேட்டால் "ம்" என்பார். "கோபமா?" என்று கேட்டாலும் "ம்". மகர வரிசையில் மனைவிக்காக அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த ஓர் எழுத்துதான்.

அகராதி வெளியீடும் முடிசூட்டும் ஒரே மேடையில் நடந்தன. முடி பெரிதாகவும் கனமாகவும் இருந்தது. பிடித்து நிறுத்த அடியில் இரண்டாம் பொருள் இல்லாததால் அது வழுக்கிப் புருவம்வரை இறங்கியது. தலைவர் ஒரு கையால் அதைப் பிடித்தபடி மறுகையால் நூலை வெளியிட்டார். அரங்கம் ஆர்ப்பரித்தது.

இயக்குநர் ஒலிபெருக்கி முன் வந்து மகரத்தம்மாவை மேடைக்கு அழைத்தார். அவர் புதுப் புடவையில் படியேறி வந்தார். முன்வரிசையில் குடும்பத்தாருக்கு என்று போட்டிருந்த நாற்காலி காலியாக இருந்தது.

"இந்த அம்மா எங்க துறைக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு," என்றார் இயக்குநர். "எத்தனை இயக்குநர் மாறியிருக்கோம், எத்தனை ஆணை வந்திருக்கு. எந்த வேலை கொடுத்தாலும் இவங்க ஒரு தடவைகூட..."

அவருக்குச் சொல் கிடைக்கவில்லை. புதிய அகராதியில் அது இல்லை. கையை அப்படியும் இப்படியும் அசைத்துச் சமாளித்தார். "அந்த வார்த்தையச் சொன்னதே இல்ல."

எல்லோருக்கும் புரிந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. தலைவர் கேடயத்தை நீட்டினார். மகரத்தம்மா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

துறை அந்தச் சொல்லை நீக்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் நீக்கி இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது.