நெஸ்டா இல்லாத கரி நாள்

17, மேல் தெரு,
கூம் எலன்.
1958 மார்ச் 13, வியாழன் மாலை.

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய ஒல்வென் அண்ணிக்கு,

எம்லின் எழுதுவது. தங்கள் மூட்டுவலி கொஞ்சமாவது அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் தங்கை நெஸ்டாவின் ஆபரேஷன் தையல் நன்றாக ஆறிவருவதாகப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். படித்து நிம்மதியாக இருந்தது. இங்கே திங்கட்கிழமையிலிருந்து விடாமல் மழை. நான் சுகமாக இருக்கிறேன். வீடும் இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நெஸ்டா நாளை மறுநாள், சனிக்கிழமை ரயிலில் தங்கள் வீட்டிலிருந்து இங்கே கிளம்புவதாக ஏற்பாடு. அதைத் தாங்கள் எப்படியாவது ஒரு பத்து நாள் தள்ளிப்போட வேண்டும். காரணம் தாங்களே பார்த்து ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள், ஆனால் நான் கேட்டதாக மட்டும் வேண்டாம். நான் கேட்டேன் என்று தெரிந்தால் அடுத்த ரயிலிலேயே வந்து நிற்பாள். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது, துடைப்பத்தைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்டேஷனில் அவளிடம், 'நீ வரும்போது வீடு நீ விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கும், ஒரு துணியைக்கூட நீ எடுக்க வேண்டியிருக்காது' என்று வாக்குக் கொடுத்தேன். ரயில் வளைவில் திரும்பும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டு போனாள். இன்று கரி வந்தது.

எங்கள் தெருவின் அமைப்பு தங்களுக்குத் தெரியாததல்ல. பின்பக்கம் சந்து கிடையாது, மலைதான். ஆறு வாரத்துக்கு ஒருமுறை சுரங்கத்திலிருந்து வரும் ஒரு டன் கரியைத் தெருவில் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அது முன்வாசலில் நுழைந்து, நடை முழுக்க நடந்து, சமையலறையைத் தாண்டிக் கொல்லைக் கொட்டகைக்குப் போய்ச் சேர வேண்டும். அண்ணி, முப்பத்தெட்டு வருடம் கரி வெட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு டன் கரி என் வீட்டைக் கடந்து எப்படிப் போகிறது என்று இன்றுவரை நான் பார்த்ததில்லை. கரி வண்டி வரும் நேரத்தில் நான் எப்போதும் பூமிக்கு அடியில் இருந்தேன். ஜனவரியில் மூச்சுக் கோளாறு என்று வேலையிலிருந்து நிறுத்திய பிறகு வந்த முதல் கரி நாள் நெஸ்டா கையில் போனது, அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு நெஞ்சுப் படம் எடுக்கப் போயிருந்தேன். ஆக, இதுதான் என் முதல் கரி நாள்.

அவள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, சாமான் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டுத்தான் போனாள். நான் அதை அலட்சியம் செய்யவில்லை. காலை ஆறு மணிக்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். நடையில் கிடக்கும் கம்பளத்தைச் சுருட்டி மாடியில் வை என்றிருந்தது, வைத்தேன். தரை முழுக்கச் சாக்கு விரித்து அதன்மேல் செய்தித்தாள் போடு என்றிருந்தது. சாக்கு எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை, ஆகவே செய்தித்தாள் மட்டும் போட்டேன். முன்னறைக் கதவை மூடி, மேலே நனைத்த விரிப்பைத் தொங்கவிடு என்றிருந்தது. முன்னறைக் கதவு மழைக்கு உப்பிப்போய் மூடவில்லை, ஆகவே விரிப்பை மட்டும் தொங்கவிட்டேன். அள்ளுவதற்கு முன்னால் தூசி அடங்கக் கரியை நனை என்று கடைசியில் இருந்தது. எவ்வளவு என்று இல்லை. தாளில் இல்லாத ஒன்றே ஒன்று, வண்டி வரும்போது யார் எங்கே நிற்க வேண்டும் என்பது. அது அவளுக்கு எழுதத் தோன்றியிருக்காது, மூச்சு விடுவதை யாரும் எழுதி வைப்பதில்லை அல்லவா.

எட்டரை மணிக்கு நான் மாடியில் இன்னொரு விரிப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, கீழே மலை சரிந்த மாதிரி ஒரு சத்தம். இறங்கி வந்து முன்கதவைத் திறந்தேன். அது உள்பக்கமாகத் திறக்கும் கதவு. கரியை வாசலுக்கு ஐந்தடி தள்ளிக் கொட்டுவதற்குப் பதில் கதவின்மேலேயே சாய்த்துக் கொட்டியிருக்கிறார்கள். கதவைத் திறந்ததும் கால் டன் கரி எந்தச் சிரமமும் இல்லாமல் தானாகவே உள்ளே வந்து, என் முழங்கால்வரை நின்றது. வண்டிக்காரன் டில்வின் லாரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"நெஸ்டா அக்கா எங்க?"

"அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. உடம்பு சரியில்ல. நீ என்னப்பா, கதவு மேலயே கொட்டிட்ட?"

"அக்கா ஊர்ல இல்லன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? அவங்க தொடப்பத்தோட தெருவுல நிப்பாங்க. நான் அந்தத் தொடப்பத்தப் பாத்துதான் வண்டியப் பின்னாடி எடுப்பேன். பதினோரு வருசமா அப்படித்தான். தொடப்பம் இல்லன்னா எனக்கு என்ன தெரியும்?"

"கண்ணாடில பாக்கக் கூடாதா?"

"கண்ணாடி போன கிறிஸ்துமஸ்ல ஒடஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சரி, நடந்தது நடந்துவிட்டது, உள்ளே வந்தது மிச்ச வேலையைக் குறைத்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, தாளில் இருந்தபடி கரியை நனைத்தேன். மூன்று நாள் மழையில் அது ஏற்கெனவே நனைந்திருந்தது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். நான் ஊற்றிய எட்டு வாளித் தண்ணீரும் கறுப்பாகிப் படியேறி உள்ளே வந்து, நடையின் நீளத்தை அளந்து, சமையலறை மேஜைக்கு அடியில் போய்த் தேங்கியது. செய்தித்தாள் ஊறிக் கூழாகி, நான் எங்கே போனாலும் பூட்ஸோடு கூடவே வந்தது. அதைச் சுரண்டி எடுத்த இடத்தில் இப்போது போன சனிக்கிழமையின் கால்பந்து முடிவுகள் தரையில் வலம் இடமாகப் பதிந்திருக்கின்றன. முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்தால் படிக்கலாம்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஹேடன் வந்தான். அவனைத் தங்களுக்கு நினைவிருக்கும், சுரங்கத்தில் முதுகு போனவன். அவனால் ஒரு வாளிகூடத் தூக்க முடியாது. கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டு குழாய் புகைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாளில அள்ளினா நாளைக்குக் காலைல வரைக்கும் அள்ளணும்ப்பா. எங்க வீட்டுத் தள்ளுவண்டி சும்மாதான கெடக்கு, எடுத்துக்க."

"நடைக்குள்ள போகுமா?"

"ஏன் போகாது? ரெண்டு பக்கமும் விரக்கட எடம் இருக்கும்."

விரற்கடை இருந்தது. ஆனால் வண்டியின் இரண்டு கைப்பிடிகளிலும் வெளிப்பக்கம் ஒவ்வொரு ஆணித்தலை நீட்டிக்கொண்டிருந்ததை நானும் பார்க்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால்தான் நெஸ்டா அந்த நீலப்பூப் போட்ட சுவர்க்காகிதத்தை ஒட்டினாள் என்பது தங்களுக்குத் தெரியும். தாங்களே கூட இருந்து பசை கலக்கிக் கொடுத்தீர்கள். இப்போது அதில் முன்வாசலிலிருந்து சமையலறைவரை இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் ஒரு கோடு. நான் நாலாவது நடை போய் வந்த பிறகுதான் கவனித்தேன்.

ஹேடன் குழாயை எடுத்துவிட்டு உற்றுப் பார்த்தான். "கோணல் இல்ல, பாரு. பார்டர் வச்ச மாதிரி இருக்கு. நெஸ்டா கவனிக்கவே மாட்டா."

"நீ அவ கூட ஒரு நாள் இருந்திருக்கியா?" என்றேன். அவன் மறுபடி குழாயை வாயில் வைத்துக்கொண்டான்.

அண்ணி, இனி எழுதப்போவதைத் தாங்கள் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். தண்ணீர் வடியட்டும் என்று முன்கதவையும் கொல்லைக் கதவையும் திறந்தே வைத்திருந்தேன். நான் கொட்டகையில் கரியைத் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில், மலையிலிருந்து குப்பைத் தொட்டி கிளற இறங்கும் ஆடுகளில் ஒன்று, தெருவில் மழைக்கு ஒதுங்க இடம் தேடி எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது. கரிக் குவியல்மேல் ஏறித்தான் வந்திருக்கிறது, காலில் வயிற்றில் எல்லாம் கரிச்சேறு. ஹேடன் வாசலில்தானே இருந்தான் என்று கேட்பீர்கள். இருந்தான். "உங்க வீட்டுக்கு வர்றவங்கள நான் எப்படித் தடுக்கறது" என்கிறான். நான் ஆட்டை அதட்டினேன். அது பயந்து, தொங்கிய விரிப்பைத் தலையிலே மாட்டிக்கொண்டு முன்னறைக்குள் போய்விட்டது. கண் தெரியாமல் சோபாவைச் சுற்றி இரண்டு தடவை ஓடியது. பிறகு நின்று, விரிப்பை உதறியது. அதோடு நிற்காமல் தன்னையும் உதறியது. முன்னறையில் நாலு சுவர், அண்ணி. எதையும் அது விட்டுவைக்கவில்லை. போகும்போது கண்ணாடி அலமாரியில் இடித்ததில், தங்கள் தாயார் கல்யாணத்துக்கு வந்த தேநீர்க் கோப்பைகளில் இரண்டு போயின. அந்தக் கோப்பைகளில் தங்களுக்கும் பாதி உரிமை உண்டென்று நெஸ்டா எப்போதும் சொல்வாள். ஆகவே தங்கள் பாதியிலிருந்து ஒன்றும் அவள் பாதியிலிருந்து ஒன்றும் உடைந்ததாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஹேடனின் மனைவி ஹன்னா எட்டிப் பார்த்துவிட்டு, "ஈரத் துணி வைக்காதீங்க, ரொட்டியால தேச்சா கரி எடுபடும்" என்று சொன்னாள். ஈரத் துணி வைத்து ஒரு சுவர் முடித்த பிறகுதான் சொன்னாள். அது இப்போது மேகமூட்டமாக இருக்கிறது. இரண்டாவது சுவருக்கு ரொட்டியை எடுத்தேன். என் மத்தியானச் சாப்பாட்டுக்கு வெட்டி வைத்த ரொட்டி. வெண்ணெய் தடவாத ரொட்டி என்று அவள் சொல்லவில்லை. மற்ற இரண்டு சுவரையும் தொடாமல் விட்டுவிட்டேன், நான் தொடாததால் அவைதான் இப்போது பார்க்கும்படியாக இருக்கின்றன.

பகல் மூன்றரைக்குக் கடைசித் தள்ளுவண்டி போனது. ஒரு டன்னும் கொட்டகையில் இருக்கிறது. மூச்சு கொஞ்சம் வாங்குகிறது, அது பழைய கதை, அதை நெஸ்டாவிடம் சொல்ல வேண்டாம். நாற்காலி எல்லாம் கரியாக இருப்பதால் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலுக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே உட்கார்ந்து பார்த்தால் நடை முழுக்கத் தெரிகிறது. எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்தாறு வருடம். வருடத்துக்கு எட்டு ஒன்பது தடவை இதே கரி இதே வழியாகப் போயிருக்கிறது, அவள் ஒருத்தியாக, வாளி வாளியாக. நான் ஷிஃப்ட் முடிந்து வரும்போது கம்பளம் அதன் இடத்தில் கிடக்கும், படி வெள்ளையாக இருக்கும், அவள் தலை வாரிக்கொண்டு நிற்பாள். நான் சட்டையை மாட்டிவிட்டு, 'இன்னிக்கு என்ன, டீ லேட்டா?' என்று கேட்டிருக்கிறேன். பல தடவை கேட்டிருக்கிறேன். எது கரி வந்த நாள், எது வராத நாள் என்று எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. எந்தெந்த நாளில் கேட்டேன் என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன், அகப்படவில்லை. அதனால்தான் கேட்கிறேன் அண்ணி, பத்து நாள் கொடுங்கள். எனக்கு வேலை தெரியாது, ஆனால் கற்றுக்கொள்வேன். அவள் வந்து நிற்கும்போது இந்த நடை சுத்தமாக இருக்க வேண்டும்.

தங்களுக்கும் நெஸ்டாவுக்கும் கர்த்தர் நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் கொடுக்கட்டும். பூனைக்கும் என் விசாரிப்பு.

தங்கள் தங்கையின் கணவன்,
எம்லின்.

பி.கு.: ஒல்வென் அக்கா, நான் நெஸ்டா. வெள்ளிக்கிழமை சாயங்காலம். வியாழக்கிழமை கரி வரும் நாள் என்று எனக்குத் தெரியாதா? அதற்காகத்தான் இன்று விடியற்காலை ரயிலுக்கு உன்னோடு அவ்வளவு சண்டை போட்டுக் கிளம்பினேன். நான் வந்தபோது இவர் மாடிப்படியிலேயே சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார், கழுத்துவரை கரி, உதடு நீலம், மடியில் இந்தக் கடிதம். ராத்திரி முழுக்கத் தரையைத் தேய்த்தாராம், ஹன்னா சொன்னாள். 'மூச்சு கொஞ்சம் வாங்குகிறது' என்று எழுதியிருப்பதை நம்பாதே. டாக்டரைக் கூப்பிட்டேன், இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு ஒரு டன் கரி தூக்கியதற்கு இவரை நன்றாகத் திட்டிவிட்டு, உடனே கரித்தூசி இல்லாத இடத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். நான் குனியவில்லை, பயப்படாதே. நடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன், ஹன்னாவும் தெருவிலிருந்து மூன்று பேரும் வேலை செய்கிறார்கள், ஹேடனிடம் துடைப்பத்தைக் கொடுத்திருக்கிறேன். முதுகு வலிக்கிறது என்கிறான், வலிக்கட்டும். உடைந்த கோப்பைகளில் ஒன்று நான் நாலு வருடத்துக்கு முன்னால் உடைத்து ஒட்டி வைத்தது, அதை உன்னிடம் சொல்லவில்லை.

நாளை, நான் வருவதாக இருந்த அதே சனிக்கிழமை, இவரை இங்கிருந்து உன் வீட்டுக்கு ரயில் ஏற்றிவிடுகிறேன், கடிதமும் இவர் கையிலேயே வரும். நான் எழுதும்வரை இவரைத் திருப்பி அனுப்பாதே. என்ன சொல்லிக் கெஞ்சினாலும் அனுப்பாதே. மீன் பிடிக்காது என்பார். முள்ளை எடுத்துவிட்டு வைத்தால் பேசாமல் சாப்பிட்டுவிடுவார்.