உஷாந்தி வேலையை விடப் போகிறாள்

அன்று பின்னேரம் ஒரு தீர்மானம் எடுத்தேன். இனிமேல் இந்த வீட்டில் என் சொல்தான் எடுபடும். எதிர்த்துக் கதைக்க ஒருவரும் இல்லை. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

என் மனைவி உஷாந்தி லண்டனில். மருந்துக் கடையொன்றில் மாதச் சம்பள வேலை. நான் கொழும்பு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில். கல்யாணமாகி இரண்டு வருஷம். சேர்ந்திருந்தது பத்தொன்பது நாள். அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்த இரவு, மறதியில் இரண்டு பேருக்கு இடியப்பம் வாங்கினேன். மிச்சத்தை அடுத்த நாள் காலையும் சாப்பிட்டேன், மத்தியானமும் சாப்பிட்டேன். இப்போது கடைக்காரர் என்னைக் கண்டதும் கேட்காமலே ஓராள் பார்சல் கட்டிவிடுகிறார். அந்த மனிதர் ஒருநாளாவது "எத்தினை?" என்று கேட்கமாட்டாரா என்றிருக்கும்.

விசா எடுத்துக் கணவனை லண்டனுக்குக் கூப்பிடுவதென்றால் மனைவிக்குப் போதிய வருமானம் இருக்க வேண்டும். சம்பள வேலை என்றால் ஆறு மாதச் சம்பளத் துண்டுகள் போதும். அவை அவளிடம் எப்போதோ சேர்ந்துவிட்டன. பிறகேன் இன்னும் இங்கே குந்தியிருக்கிறாய் என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன், வேறு ஆளிடம் சொல்லிவிடாதீர்கள். நான் ஓர் ஆங்கிலச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். புறக்கோட்டை இரும்புக் கடையில் எனக்கு வேலை. வாடிக்கையாளரோடு சிங்களம், முதலாளியோடு தமிழ். ஆங்கிலம் கம்ப்யூட்டரோடு மட்டும், அதுவும் மௌனமாக. இரண்டு தடவை சோதனைக்குப் போனேன். இரண்டு தடவையும் வாசலில் டை கட்டிய பெடியளைக் கண்டு பஸ் ஏறித் திரும்பிவிட்டேன். உஷாந்தியிடம், "திகதியை மாத்திப்போட்டாங்கள்" என்றேன்.

அவள் தன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எடுப்பாள். இங்கே அது பின்னேரம். அன்றும் எடுத்தாள்.

"என்னப்பா, நான் வேலையை விடப்போறன்."

கீழே ரெயில் போனது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. நானும்தான்.

"ரெயில் சத்தத்தில சரியாக் கேக்கேல்லை. திருப்பிச் சொல்லும்."

"உங்களுக்கு நல்லாக் கேட்டது. வேலையை விட்டிட்டுச் சொந்தமாச் சாறி பிளவுஸ் தைக்கப்போறன். இஞ்ச நல்ல கிராக்கி."

"நீர் என்ன கதைக்கிறீர்? சுயதொழில் எண்டா ஒரு முழு நிதியாண்டுக் கணக்குக் காட்டவேணும்! அது முடிய ஒண்டரை வருஷமாகும்!"

"ஓம். நீங்களும் சோதினை எடுக்கேல்லைத்தானே. இருந்து ஆறுதலா எடுங்கோ."

ஒன்றரை வருஷம். ஐந்நூற்றுச் சொச்சம் ஓராள் பார்சல். அப்போதுதான் அந்தத் தீர்மானத்தை எடுத்தேன். எடுத்த சூட்டோடு ஒரு பொய்யும் சொன்னேன்.

"நான் போன மாசமே பாஸ் பண்ணிப்போட்டன்."

"உண்மையாவோ?"

"உமக்கொரு சர்ப்ரைஸா இருக்கட்டும் எண்டு சொல்லேல்லை."

"சேர்டிபிக்கேட்டைப் படமெடுத்து அனுப்புங்கோ."

"அது… லமினேட் பண்ணக் குடுத்தனான்."

"எந்தக் கடை?"

"காலி வீதியில. கடைக்காரர் ஊருக்குப் போட்டார்."

"எப்ப வருவார்?"

"ரெண்டு கிழமையாகும்."

"சரி. ரெண்டு கிழமை பாப்பன். வராட்டி வேலையை விடுற கடிதத்தைக் குடுத்திடுவன்."

எதிர்வீட்டு பௌஸி நானாவின் கதவைத் தட்டி, நடந்ததைச் சொன்னேன். கல்கிசையில் ஒரு ஹோட்டலில் முப்பது வருஷம் வரவேற்பு மேசையில் இருந்தவர்.

"தம்பி, நீங்க பொய் சொன்னது பரவால்ல. அதுக்குத் திகதி வெச்சீங்க பாருங்க, அதுதான் பிழ," என்றார். "வாங்க, நான் பழக்கிவிடுறன்."

தினமும் வேலை முடிந்து வந்து அவரோடு ஒரு மணித்தியாலம். அவருக்குத் தெரிந்தது ஹோட்டல் ஆங்கிலம். எனக்கும் அதுவே வந்தது. அடுத்த புதன்கிழமைக்குத் திகதி எடுத்திருந்தேன். சோதனை அறைக்குள் போனதும், பரிசோதகர் அம்மாவைப் பார்த்து, "வெல்கம், மேடம். பயணம் சௌகரியமாக இருந்ததா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். அவர் தன் கதிரையில் இருந்தார். நான்தான் வந்தவன்.

சிரித்துவிட்டு, குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார். மனைவி இருக்கிறாள் என்றேன்.

காலையில் எழும்பியதும் உங்கள் மனைவி என்ன செய்வார் என்று கேட்டார்.

சின்னக் கேள்விதான். பௌஸி நானா இதைப் பழக்கவில்லை. பத்தொன்பது நாளில் பாதி நாள் கோயிலும் விருந்துமாகப் போய்விட்டது. அவள் தேத்தண்ணி குடிப்பாளா, கோப்பி குடிப்பாளா? எழும்பின உடனே கதைப்பாளா, முகம் கழுவும்வரை கதைக்கமாட்டாளா? எனக்குத் தெரியாது. மூன்று மொழியிலும் தெரியாது.

"ஐ டோன்ட் நோ, மேடம்," என்றேன். "ஐ ஆம் வெயிட்டிங் டு நோ."

அந்த அம்மா பேனையைக் கீழே வைத்தார். பிறகு, வெரி குட் என்றார்.

பாஸ். சேர்டிபிக்கேட் கைக்கு வந்த அன்றே படமெடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் அழைப்பு வந்தது.

"போன மாசம் பாஸ் பண்ணின ஆள் போன புதன்கிழமை சோதினை எடுத்திருக்கிறீங்கள்."

ரெயில் வராதா என்று பார்த்தேன். வேண்டிய நேரத்தில் அது வராது.

"உமக்கு எப்ப தெரியும்?"

"லமினேட் எண்டு சொல்லேக்கையே தெரியும். அதுக்கு முந்தியும் ரெண்டு தரம் மாறினது திகதியில்லை, நீங்கள்தான் எண்டும் தெரியும்."

"அப்ப நீர் வேலையை விடுற கதை?"

"விசா வர முந்தி வேலையை விட எனக்கென்ன விசரே?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் குரல் தணிந்து சொன்னாள்:

"இஞ்ச வேலையால வந்தா கதவைத் திறக்கிறதும் நான்தான், உள்ளுக்கு இருந்து பாத்துக்கொண்டிருக்கிறதும் நான்தான் எண்ட மாதிரிக் கிடக்கு. நீங்கள் வாசல்வரைக்கும் போய்த் திரும்பி வந்தா, நான் என்ன செய்யிறது?"

"இனித் திரும்பமாட்டன்," என்றேன். "அப்ப பிளவுஸ் தைக்கிறதும் பொய்யோ?"

"அது உண்மை. நீங்கள் வந்து சேர்ந்த கையோட தொடங்குவன். உதவிக்கு ஆளும் பாத்திட்டன்."

"ஆர்?"

"நாளைக்கே ஊசி நூல் வாங்கி ஹூக் தைச்சுப் பழகுங்கோ. ஒரு பிளவுஸுக்கு ஆறு."

சுயதொழில் என்றால் என்னவென்று இப்போது விளங்குகிறது: சுயம் அவளுக்கு, தொழில் எனக்கு.