ஓரமாக நிற்கட்டும் என்று நீ விட்டுப்போன வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாமல் என்ன, உங்கள் வீட்டில் அந்த வண்டி இல்லையே. இங்கே நலம் விசாரிக்க ஒன்றும் மிச்சமில்லை. உன் அத்தான் கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடக்கிறார். நான் கேக் சுடுகிற அவன் அடுப்பில் கிரீஸ் வாடை அடிக்கிறது. என் முழங்கால் இரண்டும் கன்றிப்போய்க் கிடக்கின்றன. இத்தனைக்கும் காரணமான நீ போனை எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் சிரிக்கிற மூஞ்சி ஒன்றைப் பதிலுக்கு அனுப்புகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி கூரியரில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும், வரவில்லை என்று நீ புளுக முடியாது.

வேலை மாறிப் போகிற அன்று எங்கள் வாசலில் நின்று என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "கொஞ்ச மாசந்தான் அக்கா. ஒரு ஓரமா நிக்கட்டும். அத்தானை அப்பப்ப துடைச்சு வைக்கச் சொல்லு, போதும்." ஓரமாக நிற்கிற சாமானா அது? மேட்டிலும் பள்ளத்திலும் குதிக்கிறதற்கென்றே செய்த மோட்டார் பைக், சீட்டே என் இடுப்புக்கு மேலே இருக்கிறது, ஹேண்டில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அது வந்த நாளிலிருந்து நான் கேக் கொண்டுபோகிற ஸ்கூட்டர் மழையில் நனைகிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கண்ணாடிக் கடையை விற்றுவிட்டு வீட்டோடு உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதர் கையில் போய் அதைக் கொடுக்கலாமா என்று உனக்குத் தோன்றவில்லையா? வாழ்நாள் முழுக்க ஊரார் கண்ணுக்குப் பவர் பார்த்தவர். கடையை விற்ற அன்று "இனிமே நாம ரெண்டு பேரும் சேர்ந்து எங்கயாவது போகலாம்" என்றார். நானும் அதை நம்பி நல்லதாக ஒரு பெட்டி வாங்கி வைத்தேன். அந்தப் பெட்டிக்குள் இப்போது உன் வண்டியின் பழைய ஸ்பிரிங் படுத்திருக்கிறது.

முதலில் எண்ணெய் கசிந்தது. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கிற குழாய்களுக்கு ஃபோர்க் என்று பேராம், அதில் ஒன்றின் வழியாக ஒழுகி என் தரையில் கறை. துடைக்கத் துணி கொடுத்தேன். துடைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதானே? குழாயைச் சுற்றியிருக்கிற ரப்பர் சீலுக்குள் மண் சிக்கியிருக்கிறது, மெல்லிசாக ஒரு அட்டை இருந்தால் விட்டு எடுத்துவிடலாம் என்று என் கேக் விளம்பர அட்டையை எடுத்து, ஓரத்தைக் கொக்கி மாதிரி வெட்டி, குழாயைச் சுற்றிச் சுற்றி விட்டு இழுத்தார். மண் வந்தது. கசிவு நின்றது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பார், அன்றே நான் அந்த வண்டியைத் தெருவில் தள்ளியிருக்க வேண்டும். மறுநாள் எழுந்து வந்தால் இரண்டு ஃபோர்க்கும் கழன்று என் சாப்பாட்டு மேஜைமேல் கிடக்கின்றன. பழைய எண்ணெய் கறுப்பாகி விட்டதாம், அது கறுத்தால் குழாய்க்குள்ளே எல்லாம் தேய்ந்துவிடுமாம். புதிய எண்ணெயை அளந்து ஊற்றணுமாம். எதில் அளந்தார்? நான் பால் அளக்கிற ஜாடியில். கேட்டால், "இந்த வீட்டிலேயே சரியான அளவு காட்டுற ஒரே பொருள் அதுதாம்மா" என்று எனக்கே நற்சான்றிதழ் கொடுக்கிறார்.

பிறகு பின்பக்கம். பின்சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவே ஒரு அலுமினியக் கை இருக்கிறதாம், அதற்குள்ளே பேரிங்குகள் துருப்பிடித்துப் போயிருந்தனவாம். நீ ஒரு நாளாவது அதைக் கழற்றி கிரீஸ் வைத்திருந்தால்தானே! சேற்றில் குதிக்கத் தெரிந்தது, கழுவி எடுத்து கிரீஸ் வைக்கத் தெரியவில்லை. புதிய பேரிங் சுலபமாக உள்ளே போக வேண்டுமென்றால் அதைக் குளிரில் வைத்துச் சுருக்க வேண்டும், அந்தக் கையைச் சூட்டில் வைத்து விரிக்க வேண்டும். இதை எங்கேயோ வீடியோவில் பார்த்துவிட்டு, பேரிங்குகளை என் வெண்ணெய் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டார், அலுமினியக் கையை என் அவனுக்குள் தள்ளிவிட்டார். நான் குளித்துவிட்டு வருகிறேன், பிறந்தநாள் கேக் ஆர்டர் கொடுத்த அம்மாள் சமையலறையில் நின்று அவனின் கண்ணாடி வழியே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். "இது என்ன மாடல்?" என்று கேட்டார். உன் அத்தான் கொஞ்சமும் கூசாமல் வண்டியின் மாடலை வருஷத்தோடு சொல்கிறார்! அந்த அம்மாள் இப்போது வேறு இடத்தில் கேக் வாங்குகிறார். என் கேக் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வாடையைத் தாண்டி யார் வாயில் வைப்பார்கள்?

இதெல்லாம்கூட சாமான்களோடு போயிற்று. அதற்குப் பிறகு என்மேலேயே கை வைத்தார். ஓட்டுகிறவர் ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து, அதற்குத் தக்கபடி ஸ்பிரிங்கை இறுக்கவோ தளர்த்தவோ வேண்டுமாம். ரொம்ப அமுங்கினால் தரை தட்டும், அமுங்காவிட்டால் ஆளைத் தூக்கி எறியும். சரி, ஒருவர் உட்கார வேண்டும், ஒருவர் குனிந்து அச்சிலிருந்து மட்கார்டு வரைக்கும் டேப் பிடிக்க வேண்டும். இருவரில் யார் உட்கார்வது என்று யோசிக்கக்கூட இல்லை அவர். "இங்க வாம்மா, ஏறி உக்காரு." அடுப்பில் வேலை கிடக்கிறது என்றேன். "அஞ்சே நிமிஷம்" என்றார். சும்மா உட்கார்ந்தால் போதாதாம், சவாரி உடுப்பின் எடையும் சேர வேண்டுமாம். உன் ஹெல்மெட், உன் மார்புக் கவசம், உன் பூட்ஸ். அந்த பூட்ஸ் ஒன்றுக்குள்ளேயே என் கால் இரண்டும் போய்விடும். பழைய செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு, நைட்டிக்குமேல் கவசம் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி நான் அந்த வண்டிமேல் உட்கார்ந்திருக்க, மாடி வீட்டுக்காரர் குப்பை போட இறங்கி வந்தார். "குட் மார்னிங்" என்றார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து நானும் குட் மார்னிங் என்றேன். வேறு என்ன சொல்வது?

அன்றோடு விட்டாரா? ஃபோர்க்கின் தலையிலும் ஷாக்கின் அடியிலும் சின்னச் சின்னத் திருகுகள் இருக்கின்றன. திருகினால் கடிகாரச் சாவி மாதிரி கிளிக், கிளிக் என்று சத்தம் வரும். ஒன்று அமுங்குகிற வேகத்துக்கு, மற்றது அமுங்கியது மேலே எழும்பி வருகிற வேகத்துக்கு. கார் நிறுத்துகிற இடத்துச் சரிவில் செங்கல்லை அடுக்கிப் பலகை போட்டு, என்னை வண்டியில் உட்காரவைத்து, இன்ஜினை ஓட்டாமல் மேலிருந்து தள்ளிவிடுவார். நான் கடவுளே கடவுளே என்று பலகைமேல் ஏறி இறங்கி, கீழே போய்ச் சுவர் பக்கத்தில் பிரேக் பிடிப்பேன். பின்னாலேயே ஓடி வந்து, கண் பரிசோதனையில் கேட்பாரே, அதே குரலில் கேட்பார். "இது நல்லா இருக்கா? இதுக்கு முன்னாடி போட்டது நல்லா இருந்துதா? அவசரமில்லை. நிதானமா சொல்லு."

தம்பி, எனக்கு ஆத்திரம் வந்தது இங்கேதான். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என்னிடம் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. சாவி எங்கே? திரைச்சீலை எந்த நிறத்தில் வாங்கலாம் என்று கேட்டதில்லை. கடையை விற்கலாமா என்று கேட்டதில்லை. இப்போது ஒரு ஸ்பிரிங்குக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், நான் வாயைத் திறக்கிற வரைக்கும் மூச்சு விடுவதில்லை! கோபத்தில் ஏதாவது தப்பாகச் சொல்லித் தொலைக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இத்தனை வருஷமாக ஸ்கூட்டரில் அடுக்குக் கேக்கைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு இந்த ரோட்டுப் பள்ளமெல்லாம் தாண்டியவள் நான். எந்தக் குலுங்கலுக்கு க்ரீம் சரியும், எதற்குச் சரியாது என்று என் உடம்புக்கே தெரியும். "அமுங்கும்போது சரியா இருக்குங்க. எழும்பி வரும்போதுதான் சட்டுனு தூக்குது" என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவருக்குக் கண்ணெல்லாம் விரிந்துவிட்டது. அதற்குப் பிறகு தினமும் காலையில் இதே கூத்துதான். நடுவில் ஸ்பிரிங்கே தடிமன் அதிகம் என்று முடிவு செய்து, மெல்லிசாக ஒன்று வரவழைத்து மாட்டினார்.

இத்தனையும் யாருக்கு? தனக்கு! காட்டுப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் கிளப் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வெளியூரில் ஒரு சவாரி வைத்திருக்கிறார்கள். அதில் என்னிடம் சொல்லாமல் பேர் கொடுத்திருக்கிறார். போன வாரம் அவர்களுடைய பயிற்சி மைதானத்துக்கு வண்டியை ஏற்றிக்கொண்டு போனோம். முதல் மேடுதான், முழங்கால் உயரம்கூட இருக்காது. ஏறினார். இறங்கும்போது பின்பக்கம் அடிமட்டம் வரைக்கும் அமுங்கி டங்கென்று முட்டி, அமுங்கிய வேகத்திலேயே எழும்பி, உன் அத்தானை வேலியோரப் புதரில் கொண்டுபோய்ப் போட்டது. நான் ஓடினேன். அவர் அசையவில்லை. ஒரு நிமிஷம் எனக்கு உயிரே இல்லை தம்பி. அதை நான் சும்மா எழுதவில்லை. கிட்டே போய் உலுக்கினால் கண்ணைத் திறந்து, "பின்பக்கம் தரை தட்டுதும்மா" என்கிறார். வந்ததே எனக்கு ஒரு கோபம்!

கிளப் பயிற்சியாளர் வந்து வண்டியை நிமிர்த்தினார். சீட்டைக் கையால் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். "யார் எடைக்கு சார் இதை செட் பண்ணீங்க? செட்டிங் அருமையா இருக்கு. ஆனா உங்களுக்கு இல்ல. உங்கள்ல பாதி இருக்கிற யாருக்கோ பண்ணியிருக்கீங்க." எல்லோரும் உன் அத்தானைப் பார்த்தார்கள். உன் அத்தான் என்னைப் பார்த்தார். புதரில் கிடந்தபடி அந்த மனிதர் சொன்ன பதிலைக் கேள்: "நாற்காலியில யாரு உக்காந்திருக்காங்களோ அவங்களுக்குத்தானே பார்க்கணும்?" இத்தனை நாளும் அளந்ததும் திருகியதும் எல்லாம் என் எடைக்கு, என் உடம்புக்கு. ஓட்டப்போவது தான் என்கிற நினைப்பே அவருக்கு வரவில்லை. கடையில் கண் பார்த்த பழக்கதோஷம்! கணுக்கால் வீங்கிப் பூசணிக்காயாகிவிட்டது. எலும்பு முறியவில்லை என்றார் டாக்டர். அதையே சவாரிக்குப் போக அனுமதி கொடுத்த மாதிரி எடுத்துக்கொண்டு, தடிமனான ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டிக் கட்டுக் காலோடு ஞாயிற்றுக்கிழமை போவேன் என்கிறார்.

ஆகவே, சனிக்கிழமைக்குள் நீ இங்கே வருகிறாய். வந்து உன் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறாய். லீவு கிடைக்காது, பாஸ் திட்டுவார் என்றெல்லாம் எனக்குக் காரணம் சொல்லாதே. வராவிட்டால் பழைய இரும்புக் கடைக்காரருக்குப் போன் போட்டுவிடுவேன், நம்பர்கூட எடுத்து வைத்துவிட்டேன். எனக்கு இருப்பது ஒரு புருஷன். அவரைப் புதரில் தேடி எடுக்கிற தெம்பு எனக்கு இன்னொரு தடவை இல்லை.

உன் மனைவிக்கு என் அன்பு. உன் மகளுக்கு முத்தங்கள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். நீயும் இரு, ஆனால் முதலில் இங்கே வந்துவிட்டுப் போய் இரு.

இப்படிக்கு,
உன்மேல் கொலைவெறியோடு இருக்கும்
உன் அக்கா

பின்குறிப்பு: நேற்றே இதை அனுப்பியிருக்க வேண்டும், கூரியர் கடை பூட்டியிருந்தது. இன்று காலை அந்த மெல்லிசு ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கு முன் உன் அத்தான் கேட்டார்: "ஒரே ஒரு தடவை நீ ஓட்டிப் பாரேன். நான் பார்த்தது சரியா தப்பான்னு எனக்குத் தெரிஞ்சா போதும்." தொல்லை விட்டால் சரி என்று பயிற்சி மைதானத்துக்குப் போனேன். பயிற்சியாளர் இரண்டு சுற்று மெதுவாகக் கற்றுக்கொடுத்தார். மூன்றாவது சுற்றில் அதே மேடு. ஏறினேன். காற்றில் இருந்தேன். இறங்கினேன். எப்படி இறங்கினேன் தெரியுமா? மடியில் மூன்றடுக்குக் கேக் இருந்திருந்தால் க்ரீம் துளிகூடச் சரிந்திருக்காது. உன் அத்தான் ஊன்றுகோலோடு நொண்டிக்கொண்டு ஓடி வந்து, "எப்படி இருக்கு? நிதானமா சொல்லு" என்றார். முன்பக்கம் ஒன்றும் தொட வேண்டாம், பின்பக்கம் எழும்புகிற வேகத்தை இரண்டு கிளிக் குறையுங்கள் என்றேன். அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்து திருகினார். ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதியாகிவிட்டது. பெட்டியிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்து வெளியே வைத்துவிட்டு என் உடுப்பை அடுக்கிக்கொண்டிருக்கிறேன், அவரும்தான் கூட வருகிறார். நீ வர வேண்டாம். என் கால் அளவுக்கு பூட்ஸ் மட்டும் அனுப்பு. வண்டியைக் கேட்டு மட்டும் வந்துவிடாதே, ஏறி உட்கார்ந்தால் உன்னையும் அதே புதரில்தான் போடும்.