மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் ஐந்து ஃபேன்

ஓசூர்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சந்தோஷ் அவர்களுக்கு,

மாமனார் முத்துமணி பணிவோடு எழுதுவது. இங்கு நானும், உங்கள் அத்தையும், ஏழு மாத வயிற்றோடு சரிதாவும் சௌக்கியம். புனேயில் தாங்களும் சௌக்கியமாக, குறிப்பாகக் கோபதாபம் இல்லாமல் இருக்க வேண்டுகிறோம். இதைச் சாப்பிட்டுவிட்டுப் படிக்கவும்.

போனில் சொல்லத்தான் இருந்தேன். உங்கள் அத்தைதான், "எழுதியே அனுப்புங்க. போன்ல பேசுனா பாதி பொய் வந்துடும்" என்றாள்.

விஷயம் தங்கள் கம்ப்யூட்டர் பற்றியது. சரிதா வரும்போது காரில் கூடவே வந்ததே, அதுதான். கட்டடப் படம் போடப் போட அது சூடாகிப் பட்டென்று அணைந்துவிடுகிறது. திங்கட்கிழமைக்குள் படம் அனுப்பியாக வேண்டும் என்று பிள்ளைத்தாய்ச்சி கண்ணைக் கசக்கினாள். பெட்டிக்குள் பார்த்தால் பின்னால் ஒரே ஒரு ஃபேன். ஃபேக்டரியில் பெயிண்ட் அடிக்கும் ஷாப்பில் முப்பத்தொரு வருஷம் எக்ஸாஸ்ட் ஃபேன்களோடு குடித்தனம் நடத்தியவன் நான், சும்மா இருப்பேனா? அம்மாவும் மகளும் ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போன நேரம் பார்த்து ஐந்து ஃபேன் வாங்கி வந்தேன். மதர்போர்டில் ஃபேன் மாட்டக் காலியாக இருந்தது இரண்டே பின். அதிலும் ஒன்று கண்ணுக்குத் தெரியாத மூலையில். சரி என்று ஐந்து ஃபேன் ஒயரையும் முறுக்கி, டேப் சுற்றி, தெரிந்த பின்னிலேயே சொருகினேன். ஐந்தும் சுற்றின, மாப்பிள்ளை. நானே கை தட்டினேன். கை தட்டி முடிப்பதற்குள் புகை.

ஊதுவத்தி நாலு கொளுத்தி வாடையை மறைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். விடாமல், மதர்போர்டே வேண்டாம் என்று ஐந்தையும் நேராகப் பவர் சப்ளையில் கொடுத்தேன். ஐயோ, அந்தச் சத்தம்! எதிர்வீட்டு வீரலட்சுமி மொட்டைமாடிக்கு ஓடி, "அண்ணா, சானமாவு காட்டு யானை ஊருக்குள்ள வந்துடுச்சா? ஃபாரஸ்ட்காரங்க டிரோன் விடறாங்க போல!" என்று தெருவுக்கே சேதி சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்தி, யானை போகட்டும் என்று சரிதாவை அரை மணி நேரம் காக்க வைத்துவிட்டார்கள். அதற்குக் காரணம் நான்தான் என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் கடையிலிருந்து வினோதா என்ற மெக்கானிக் பெண் வந்தாள். பெட்டியைத் திறந்து, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"சார், ஒரு பின்னு ஒரு ஆம்பியர்தான் தாங்கும். நீங்க அஞ்சு ஃபேனை ஏத்தி வெச்சா எரியாம என்ன பண்ணும்?"

"நேரா கரண்டு குடுத்தேனேம்மா, அப்பவும் அடங்கலையே?"

"அடங்குன்னு யாரு சொன்னாங்க அதுக்கு? இந்த நாலாவது ஒயருதான் வேகத்தச் சொல்றது. அதைத்தான் வெட்டி வெச்சிருக்கீங்களே!"

வெட்டிய ஒயர்களைச் சேர்த்து ஒட்டி, ஹப் என்று தீப்பெட்டி அளவில் ஒன்றை மாட்டினாள். கரண்டைப் பவர் சப்ளை கொடுக்கும். வேகத்தை மட்டும் மூலையில் இருந்த அந்த இரண்டாவது பின் சொல்லும். சூடு ஏறினால் ஐந்தும் வேகமெடுக்கும், இறங்கினால் அடங்கும். எல்லா ஃபேனையும் உள்நோக்கி ஊதும்படி மாட்டியிருந்தேனாம். இரண்டைத் திருப்பி வைத்தாள். நேற்று சரிதா நாலு மணி நேரம் ஒரே மூச்சாய் உட்கார்ந்து படத்தை முடித்து அனுப்பிவிட்டாள். பெட்டி அணையவே இல்லை. ஒரு பின் போனது போனதுதான். பெரிய மனது பண்ணி மன்னிக்கவும். இனித் தங்கள் பொருளைத் தொட மாட்டேன்.

காவேரிப்பட்டினத்துச் சம்பந்தியம்மா சரோஜம்மாளுக்கு வணக்கம் சொல்லவும், புகை பற்றிச் சொல்ல வேண்டாம். தாங்கள் நீடூழி வாழ்க.

அன்புள்ள மாமா,
முத்துமணி

பி.கு.: உறை ஒட்டும்போது சரிதா வாங்கிப் படித்துவிட்டாள். "அப்பா, இது அவரோடது இல்ல. எங்க கம்பெனி குடுத்தது. மூடியத் திறந்தாலே கேள்வி கேப்பாங்க" என்கிறாள். ஆகவே தங்களிடம் கேட்ட மன்னிப்பு தேவையில்லை, திருப்பி அனுப்பிவிடவும். மேனேஜர் பெயர் ரேவதியாம். இந்தக் கடிதத்தையே 'மாப்பிள்ளை' வரும் இடங்களை மட்டும் அடித்துவிட்டு அந்த அம்மாவுக்கு அனுப்பலாமா என்று உடனே தெரிவிக்கவும்.